மலைப்பக்கம்

பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிய பெஞ்சுகள்தான் ஜீப். முன்னால் ஒரு ஸ்டூல், அதில் ரம்லத். அவள் கையிலிருந்த சோற்றுத் தட்டுதான் ஸ்டீயரிங்.

சக்கரம் இல்லை, கூரை இல்லை. நெரிசலுக்கு மட்டும் குறைவில்லை. விடியற்காலையில் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் ஏலத்தோட்டத்து ஜீப்பில் எப்படி மடிமேல் மடியாக உட்காருவார்களோ, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கம்மாளுக்குப் பெஞ்சு கிடையாது. பின்படியில் நின்று மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதுதான் என்றைக்கும் அவள் வழக்கம். கம்பிக்குப் பதிலாக ஒரு மூங்கிலை நட்டிருந்தார்கள்.

நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு வசனம். மலைப்பக்கம்.

ஏற்றிய பாரம் வளைவில் பள்ளத்துப் பக்கம் இழுக்கும். அதனால் படியில் நிற்பவள் ஒவ்வொரு வளைவுக்கும் குரல் கொடுப்பாள். கேட்டதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் தூக்குவாளியோடு மலைப்பக்கமாகச் சாய்வார்கள். தூங்குகிறவள்கூடத் தூக்கத்திலேயே சாய்வாள். ஜீப் போய்ச் சேருவதற்குள் அக்கம்மாளின் தொண்டை குமுளியில் இறங்கி டீ குடித்துவிடும் என்று கேலி பேசுவார்கள்.

போன வருஷம் மூடுபனியில், குழாய் வளைவு என்கிற திருப்பத்திலும் அப்படித்தான் கூப்பிட்டாள். எல்லோரும் சாய்ந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு ஜீப் தெரியவில்லை.

படியில் நின்றவள் ரோட்டோரப் புதரில் போய் விழுந்தாள். ஜீப் பள்ளத்துக்குள் போனது.

அன்றோடு அவள் சத்தம் அடங்கிவிட்டது. பேசுவாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். கோழியைக்கூடக் கையைத் தட்டித்தான் விரட்டினாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணை மூடினால் தன் குரல் கேட்கும். உடனே எல்லோரும் ஒன்றாகச் சாய்கிற சேலைச் சரசரப்பு கேட்கும். அதற்கப்புறம் கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த விபத்தை நாடகமாகப் போடலாம் என்று ஆரம்பித்தது செல்லத்தாயி மகள் நதியா. மகளிர் குழுக் கட்டடத்தில் ஒத்திகை. அந்தப் பெஞ்சுகள் நிறைந்திருப்பதைப் பார்க்கப் பயந்து அக்கம்மாள் போகவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். ரம்லத்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு லைசென்சு இல்லக்கா. மலைப்பக்கம் எதுன்னு நீதேன் சொல்லணும்."

ஒத்திகையில் ஒருநாளும் அந்த வார்த்தை வரவில்லை. வாயைத் திறப்பாள், வெறும் காற்று வரும். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் கூப்பிடாமலே சாய்ந்துகொண்டார்கள்.

"கெடக்கட்டும் சித்தி, வர்றப்ப வரட்டும்" என்பாள் நதியா.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லாம் சந்தைத் திடலில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரம்லத் தட்டை ஒடித்துத் திருப்பினாள். குழாய் வளைவு வந்துவிட்டது.

அக்கம்மாள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பெஞ்சில் யாரும் சாயவில்லை. நதியா எதிரே வெறித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களும் அப்படியே. தட்டு மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது.

அக்கம்மாளுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடப் பெரிய கோபம். சாயுங்களடி பாவிகளா, இப்படியே இருந்தால் போய்விடுவீர்களே.

"மலைப்பக்கம்!"

பெஞ்சு மொத்தமும் சாய்ந்தது. திடலில் இருந்த பெண்களும் சாய்ந்தார்கள். அவர்களை யாரும் சாயச் சொல்லவில்லை. நாளைக் காலையில் ஜீப் ஏற வேண்டிய உடம்புகள், குரலைக் கேட்டதும் தானாகச் சாய்ந்தன.

நாடகப்படி இந்த இடத்தில் பெஞ்சு கவிழ வேண்டும். ரம்லத் கவிழ்க்கவில்லை. தட்டை மறுபக்கம் திருப்பினாள். அடுத்த வளைவு.

அக்கம்மாள் அதற்கும் கூப்பிட்டாள். அதற்கடுத்த வளைவுக்கும் கூப்பிட்டாள். தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டாள். ரம்லத் தட்டை மடியில் வைத்தபோது குமுளி வந்திருந்தது.

ஜீப் நின்றால், ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி இறக்கிவிடுவதும் படியில் நிற்பவள் வேலைதான். நாடகத்தில் அந்தக் கட்டமே கிடையாது. இருந்தாலும் பழக்கம் விடுமா?

"செல்லத்தாயி, எறங்கு."

அம்மாவின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நதியா இறங்கினாள்.

"ஒச்சம்மா, எறங்கு."

ஒச்சம்மாவின் தங்கச்சி இறங்கினாள்.

பள்ளத்திலிருந்து உயிரோடு மேலே வராத ஒவ்வொருத்தி பேருக்கும், அவளவள் மகளோ மருமகளோ எழுந்து இறங்கிப் போனாள். கடைசியாக அக்கம்மாள் டிரைவர் அமானுல்லாவைக் கூப்பிட்டாள். புருஷன் பேரைக் கேட்டதும் ரம்லத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

பெஞ்சுகள் காலி. அக்கம்மாள் மட்டும் மூங்கிலை விடாமல் படியில் நின்றாள்.

நதியா திரும்பி வந்து கையை நீட்டினாள். வாய்க்கு வாய் சித்தி என்கிறவள், இப்போது அப்படிச் சொல்லவில்லை. அவளைப் பெற்ற செல்லத்தாயி குமுளியில் தினமும் சொல்லிவந்ததைத்தான் சொன்னாள்.

"ஏ அக்கம்மா, நீயும் எறங்குடி."

அக்கம்மாள் இறங்கினாள்.