கடைசிக் கொக்கி

“இந்தப் பேரை இன்னமும் யாரு வாங்குறாங்கக்கா?”

போன மாதம் கம்பெனிக்காரர் கேட்ட கேள்வி அது. அன்று கடைக்காரம்மா காதில் விழாததுபோல் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்று அவர் ஒரு காலி அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

பேர் போட்ட கீ செயின்கள் தொங்கும் சுழல் ஸ்டாண்டு கடை வாசலை ஒட்டி இருந்தது. அதற்குச் சரக்குப் போடுவதும், ஓடாத பேர்களைக் கழிப்பதும் அவர் வேலை. முப்பது வருஷமாக அந்தக் கடையில் நின்று விற்பது அவள் வேலை.

“மஞ்சுளாவை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. ‘மஞ்சு’ மட்டும்தான் பாக்கி. அதுவும் உங்க கடையில மட்டும்” என்றார்.

“ஒரே ஒரு கொக்கிதானே தம்பி. இருந்துட்டுப் போகட்டும்.”

“அந்தக் கொக்கிக்கு ஏழு புதுப் பேரு வரிசையில நிக்குது. அக்கா, மஞ்சுன்னா எங்க பெரியம்மா காலத்துப் பேரு. கேட்டாலே முட்டிவலித் தைலம் வாசனை அடிக்குது.”

“பேரு வைக்கும்போது புதுசாத்தான் இருந்துச்சு. இதே ஸ்டாண்டுல மூணு வரிசை மஞ்சு தொங்கும்.”

“அதேதான். ஊரெல்லாம் வச்சாங்க, ஊருக்கே சலிச்சிடுச்சு.” சொல்லிக்கொண்டே கீ செயினைத் தூக்கிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். “மாசம் ஒண்ணு போகுதுன்னு லிஸ்ட்டுல இருக்கு. ஆனா இது ஆதிகாலத்து டிசைனாச்சே! வளையமே துருப்பிடிச்சுக் கெடக்கு. அப்ப நான் அனுப்புற புதுசெல்லாம் எங்க போகுது?”

அவள் குரல் இறங்கியது. “நான்தான் வாங்கிக்குவேன். வித்தாத்தானே பேரை விட்டு வைப்பீங்க.”

“உங்க பேரா?”

“இல்ல.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது ஓர் இளம்பெண் உள்ளே வந்து ஸ்டாண்டின் மறுபக்கம் நின்றாள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போல. வெளியே கார் இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தது.

கடைக்காரம்மா அவள் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா வேணும்?”

“சும்மா பாக்க வந்தேன்.” வந்தவள் ஸ்டாண்டை மெல்லச் சுழற்றினாள்.

கம்பெனிக்காரருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. “நீங்களே சொல்லுங்கம்மா. உங்களுக்குப் பொண்ணு பொறந்தா மஞ்சுன்னு வைப்பீங்களா?”

ஸ்டாண்டு நின்றது.

“மாட்டேன். எங்க வகுப்புல நாலு மஞ்சு. டீச்சர் கூப்பிட்டா நாலு பேரும் எழுந்து நிப்போம்.”

“அடடே, நீங்களே மஞ்சுதானா!”

“இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த இடத்துல கேட்டுட்டுச் சிரிச்சாங்க. மாத்திக்கிட்டேன். கல்யாணப் பத்திரிகையில கூடப் புதுப் பேருதான்.”

கடைக்காரம்மா கொக்கிகளை நேராக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

“கல்யாணம் எப்ப ஆச்சு?”

“ரெண்டு வருஷமாச்சு.”

“வீட்டுல… செல்லமாக்கூட மஞ்சுன்னு கூப்பிட மாட்டாங்களா?”

“அங்க யாருக்கும் அந்தப் பேரே தெரியாது. தெரியவும் வேணாம்.”

கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டீங்களாக்கா? மஞ்சுவுக்கே மஞ்சு வேணாமாம்!”

கடைக்காரம்மா கையை நீட்டி அந்தக் கீ செயினைக் கழற்றினாள். அதன் பின்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு பெட்டிக்குள் போட்டாள்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. இனிமே எதுக்கு?”

வெளியே ஹாரன் அடித்தது. வந்தவள் நகரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெட்டிக்குள்ளிருந்து அதை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் திருப்பினாள்.

காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள், ஒன்பது வயசுக் கோணலோடு இன்னும் அங்கே இருந்தன: ‘அம்மா, இதை மட்டும் யாருக்கும் வித்துடாத.’

ஹாரன் மறுபடியும் அடித்தது. மகள் அதைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போனாள்.