அவிழ்த்த மஞ்சக்கயிறு

ரிமோட்டிலிருந்த ரெண்டு பேட்டரியையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள் ஜெயக்கொடி. என்ன பிரயோசனம்? புருஷன் சிவபாண்டி வந்தான், கேபிள் பெட்டியிலேயே பொத்தானை அமுக்கிச் சேனலைப் பிடித்துவிட்டான்.

"பட விழாவுல விருது குடுக்குறாங்களாம். நம்ம செல்லூர்ல எடுத்த படமும் இருக்காம்ல."

போச்சு.

போன மாசியில் அவள் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கு வந்த படக்காரர்கள், "புருஷன் செத்த பொண்ணா ஒரே ஒரு சீன் நடிங்கக்கா" என்று கேட்டார்கள். ஆசை யாரை விட்டது? ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் போய் நடித்துவிட்டாள். தாலி அறுக்கிற சீன். கூட நடித்த பொம்பளைகள் உருவியதோ, அவள் கழுத்தில் கிடந்த நிஜ மஞ்சக்கயிறு.

அந்த வாரம் மாமியார் முத்துத்தாய் கோயிலில் குலவை போட்டேன் என்று தொண்டை கட்டிக் கிடந்தாள். "எங்கடி போன?" என்று அதட்ட ஆளில்லாமல் ஜெயக்கொடி தப்பித்தாள்.

மறுவாரமே சிவபாண்டி லோடு ஆட்டோவோடு கவிழ்ந்து காலை ஒடித்துக்கொண்டான். "எந்தப் பாவி செஞ்ச பாவமோ" என்று புலம்பிக்கொண்டே ஒன்பது வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு நெய்விளக்குப் போட்டாள் மாமியார். இன்றைக்கு அந்த சீன் வந்தால் அம்புட்டுத்தான். மகன் உயிரோடு இருக்கத் தாலியை அவிழ்த்தவளை வீட்டு வாசலில்கூட நிற்கவிடமாட்டாள்.

"ஏங்க, தோசை ஆறுது."

"இருடி, நம்ம ஊர்ப் படம் வருது."

மாமியாரும் செத்த ரிமோட்டை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். "நாடகம் போடுற நேரத்துல என்னடா இது?"

டி.வி.யில் துண்டுக் காட்சி ஓடியது. குனிந்த ஒருத்தியின் கழுத்திலிருந்து நாலைந்து கைகள் கயிற்றை உருவின. நல்லவேளை, ஜெயக்கொடியின் முதுகை மட்டும்தான் எடுத்திருந்தார்கள்.

சிவபாண்டியின் போன் அடித்தது. "மாப்ள, ஒண்ணும் கேக்கல. இரு, வெளிய வாரேன்" என்று தெருவுக்குப் போனான்.

"அடுத்து, சிறந்த துணை நடிகை" என்றது டி.வி. "செத்த மகனுக்கு ஒப்பாரி வைத்த தாயாக நடித்தவர். தன் பேரை வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒரு மதுரை அம்மா."

திரை முழுக்க ஒரு முகம் வந்தது. "நான் பெத்த ராசா, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று தொண்டை கிழிய, மாரில் அடித்துக்கொண்டு அழுதது.

ஜெயக்கொடி திரையைப் பார்த்தாள். திரும்பி மாமியாரைப் பார்த்தாள். அதே ஒற்றைக்கல் மூக்குத்தி, அதே முகம்.

முத்துத்தாய் ரிமோட்டை அவளிடம் நீட்டினாள்.

"முந்தானையில முடிஞ்சு வச்சிருக்க பேட்டரியப் போடுத்தா, அவன் வந்துரப் போறான்."