மஞ்சள் குழாய்

ஒரு ரெகுலேட்டர் எடுப்பதற்குள் அந்த மனிதர் என் உயிரை வாங்கிவிட்டார். கடலுக்கடியில் மூச்சு விடுகிற சாமானாச்சே என்று நானும் பொறுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் கவ்வி, இழுத்துப் பார்த்து, கடைசியில் எங்கள் கடையிலேயே விலை கூடினதை எடுத்தார்.

கூடவே டைவ் பண்ணும் அவர் மனைவி, தன்னுடையதை எப்போதோ எடுத்து பில்லுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதோட ஒரு ஸ்பேர் வரும் சார். மஞ்சள் குழாய். எதை மாட்டட்டும்?"

"இருக்கிறதுலயே மட்டமானது."

எனக்குச் சுருக்கென்றது. "அதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க சார். பதற்றத்துல வேகமா இழுத்தா மட்டமானதுல காத்து சரியா வராது."

"சும்மா நெஞ்சுல தொங்கப் போற சாமான். உங்க வியாபாரத்தை என்கிட்ட காட்டாதீங்க."

அந்தம்மா மஞ்சள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது உங்களுக்கில்ல சார். கூட இறங்குறவங்களுக்குக் காத்து தீர்ந்துபோனா, அவங்க கவ்வுறதுக்கு."

"தெரியும். பயிற்சியிலயே சொன்னாங்க," என்று கார்டை நீட்டினார்.



அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, என்னோடதுல உசத்தியான மஞ்சளை மாட்டச் சொன்னேன்ல? அதைக் கழட்டிட்டு, அவர் கேட்ட மட்டத்தையே மாட்டுங்க."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. "ஏய், என்ன விளையாட்டு இது?"

"போன தடவை உள்ள இறங்கினப்போ, முதல்ல காத்து தீர்ந்தது யாருக்குங்க?"