கைதவறும் பிள்ளைகள்

உப்பளத்துக்காரர் மகள் பெனிட்டாவை இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டபோது கல்லூரியே வாயைப் பிளந்தது. அங்கே எல்லாச் சோதனைகளையும் இயந்திரமே பிசகில்லாமல் செய்துவிடும். பிசகே இல்லாததால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் மாணவர்களை எடுத்தார்கள். அவர்கள் கைதவறிச் செய்வதிலாவது ஏதேனும் அகப்படாதா?

பெனிட்டாவோ விடுமுறையிலும் வந்து பழகினாள். ஆறே மாதத்தில் கை படிந்துவிட்டது. ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை.

பேராசிரியர் கோமதிநாயகம் கூப்பிட்டார்.

"ரெண்டு மாசமா நீ ஒரு தப்பும் பண்ணலையேம்மா. இனி உன்னை வச்சு நான் என்ன செய்ய? நாளையில இருந்து வராண்டாம்."

"சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாருங்க. தப்பா செஞ்சு காட்டுதேன்."

உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டினாள். சூட்டை இரண்டு மடங்கு ஏற்றினாள். குடுவை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. தவறுகளைப் பதிவுசெய்யும் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள்.

'வேண்டுமென்றே செய்தது. ஏற்பதற்கில்லை.'

மேசையைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார் பேராசிரியர். அதையும் அவள் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் துடைத்து வைத்தாள்.