தூக்கத்தின் அருமை குறித்து ஒரு சொற்பொழிவு

பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவுக்குப் பொதுமக்கள் என்று வந்திருப்பவர்கள் நாலே பேர். மிச்ச நாற்காலிகளை நிரப்ப, இரவுப் பணி முடித்த நாற்பது நர்சுகளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து ஜன்னலில்லாத அரங்கத்தில் அடைத்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கும் தீக்காய வார்டு நர்சுக்குக் கண்ணில் ஒரு மூட்டை மணல். கோபமோ கூரையைப் பெயர்த்துவிடும். இன்று ராத்திரியும் அவளுக்குத்தான் டியூட்டி. இப்போது போய்ப் படுத்தால்தான் உண்டு. ஆனால் வருகைத் தாள் மேட்ரனின் மடியில் இருக்கிறது. கூட்டம் முடிந்தால்தான் கையெழுத்து. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த முகத்தோடு ஜொலிக்கிற பேராசிரியர் எண்பத்தேழாவது படத்தைத் திரையில் போடுகிறார். "நல்லாத் தூங்கணும்னா ரூம் கும்மிருட்டா இருக்கணும்." பின்வரிசையில் ஒரு தலை சரிகிறது. "அங்க யாரும்மா தூங்கறது? எவ்வளவு முக்கியமான விஷயம் சொல்லிட்டிருக்கேன்!" என்று அதட்டுகிறார். "தூங்கினா ஆப்சென்ட்தான்," என்று, தானும் விடியவிடிய விழித்திருந்த மேட்ரன் உறுமுகிறார். தீக்காய வார்டு நர்ஸ் விருட்டென்று எழுகிறாள். "ஏய், எங்க போற?" என்கிறார் மேட்ரன். "சார் சொன்னதைச் செய்யப் போறேன் மேடம்." சுவரோரம் நடந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள். கடைசியில் புரொஜெக்டரின் பிளக்கையும் பிடுங்கி, அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். இருட்டுக்குள்ளிருந்து பேராசிரியர், "ஹலோ... ஹலோ..." என்கிறார். முதல் குறட்டை மேட்ரன் பக்கமிருந்து வருகிறது.