விலை போகாத வண்டி

“ஸ்டார்ட் ஆகலைங்கய்யா,” என்று வண்டியை விட்டு இறங்கினான் டிரைவர் பூதத்தான்.

வண்டி பார்ப்பதற்காக உவரியிலிருந்து வந்திருந்த அப்பாத்துரை, வக்கீல் அருணாசலத்தின் முகத்தைப் பார்த்தார். அருணாசலம் பூதத்தானைப் பார்த்தார். பூதத்தான் தரையைப் பார்த்தான்.

“நேத்து கோர்ட்டுக்குப் போயிட்டு வந்த வண்டிதானலே?”

“ஆமாய்யா. பழைய டீசல் வண்டில்லா... எப்ப என்ன செய்யும்னு சொல்ல முடியாது.”

வாங்க வந்தவர் காதுபடச் சொல்கிற பேச்சா இது?

அப்பாத்துரை நயமான மனுஷர். “பாப்போம் அண்ணாச்சி. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்,” என்று பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

இப்படித் திரும்பிப் போகிற மூன்றாவது ஆள் அவர்.

எண்பத்திரண்டில் வாங்கிய எஸ்டேட் வண்டி அது. பின்பக்கம் நீளமாக இருக்கும். ஆழ்வார்குறிச்சி வயலை நேரில் பார்த்துக்கொண்ட காலத்தில் உரமூட்டைக்கும் வாழைத்தாருக்கும் தோதாக இருந்தது. வயல் குத்தகைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ‘அண்ணாச்சி வண்டி வண்ணார்பேட்டையில வரும்போதே பாளையங்கோட்டை கோர்ட்டுக்குக் கேட்டிரும்’ என்று கூட்டாளி வக்கீல்கள் கேலி செய்தார்கள்.

இதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒரு புது பெட்ரோல் கார் வாங்குவது என்று முடிவு செய்திருந்தார் அருணாசலம். வருகிறவர்கள் கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று புது பேட்டரி, சீட்டுக்கு ரெக்சின் உறை, பெயிண்ட் எல்லாம் போட்டார். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு நிற்கிற பெண் மாதிரி ஜம்மென்று நின்றது வண்டி. ஆள் வந்ததும்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

எரிச்சலோடு மாடிக்குப் போனவர், ஜன்னல் வழியாக எதேச்சையாகக் கீழே பார்த்தார்.

பூதத்தான் பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். டீசல் பைப்பில் தளர்ந்திருந்த ஒரு நட்டை ஸ்பேனரால் இறுக்கினான். டீசல் ஏற்றுகிற கைப்பம்பை ஏழெட்டுத் தடவை அமுக்கினான். உள்ளே ஏறிச் சாவியைத் திருகினான்.

ஒரே திருகில் வண்டி உறுமியது.

அருணாசலத்துக்கு விளங்கிவிட்டது. நட்டைத் தளர்த்திக் குழாய்க்குள் காற்றுப் புக விட்டால் டீசல் வண்டி கிளம்பாது. மூன்று தடவையும் இதே வேலைதான்.

கீழே இறங்கி வந்தார்.

“எத்தனை நாளாலே இந்தக் கூத்து?”

பூதத்தான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றான்.

“புது வண்டி வந்தா உன்னை நிறுத்திருவேன்னு பயமா? இல்ல, வாங்க நாதியில்லாம ஆக்கி, கடைசியில நீயே மலிவா வாங்கி டாக்சி விடலாம்னு நெனப்பா?”

“அப்படில்லாம் இல்லய்யா.”

“பின்ன என்ன?”

பூதத்தான் எதையோ சொல்ல வந்து விழுங்கினான். “இன்னும் ரெண்டு மூணு வருஷம் நல்லா ஓடும்யா. நான் பாத்துக்கிடுதேன்.”

“பதினாலு வருஷம் சோறு போட்ட வீட்டுக்கு இதுதான் நீ செய்யுத நன்றியா? சாவிய வச்சிட்டுப் போ.”

பூதத்தான் சாவியைப் பானெட் மேல் வைத்தான். கையிலிருந்த கிரீஸை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்த மனைவி வடிவம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது.

சாயங்காலம் ஷோரூம்காரப் பையன் ஒரு புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். குட்டையாக, பளபளவென்று, சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது.

“அம்மாவையும் கூப்பிடுங்க சார். பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

வடிவம்மாள் வந்து பார்த்தாள். “நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை கிடக்கு.”

“வேலை எங்க போவுது? ஏறு வடிவு.”

அவள் கார் கூரையை ஒரு கையாலும் கதவை ஒரு கையாலும் பிடித்துக் குனிந்தாள். பாதியில் நின்றாள். வலது கால் மடங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து, கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

அருணாசலம் பையனிடம், “நாளைக்குப் போன் பண்ணுதேன் தம்பி,” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

“என்ன செய்யுது வடிவு?”

“மூட்டு. ரெண்டு வருஷமாச்சு. தாழ உக்கார முடியல, உக்காந்தா எந்திரிக்க முடியல. நம்ம வண்டி சீட்டு ஒசரம், கதவும் அகலம். ஏறி இறங்கப் பூதத்தான் ஒரு பலகை செஞ்சு பின்னால போட்டு வச்சிருக்கான். நீங்க இறங்கி முன்னால நடந்துருவீய. அவன் அதை எடுத்துப் போட்டு என்னை இறக்கிவிடுவான்.” குரல் தணிந்தது. “இந்த மாதிரி வண்டி வந்தா, இனிமே கோயில் குளம்னு எனக்கு ஒண்ணும் கிடையாது. வீட்டோடதான்.”

அருணாசலம் பழைய வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆமா, பூதத்தானை எங்க காணல?”

அந்தக் கேள்வியைத் தாண்டப் பார்த்தார் அவர்.

“டிரைவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சிருக்கு. ஒரே வீட்டுல இருக்கிற எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

வடிவம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவன்கிட்டயும் நான் சொல்லலையே. அவனா பாத்துத் தெரிஞ்சுக்கிட்டான்.”