சுண்ணாம்பு போக மிச்சம்

"சிமெண்ட் எத்தனை மூட்டை வாங்கினீங்க?"

"வாங்கல மேடம்."

"செங்கல்?"

"அதுவும் இல்ல."

"கம்பி, ஜல்லி, மணல்... லாரி ஒரு நடையாவது வந்திருக்குமே?"

"வரலீங்க. சுண்ணாம்பு மட்டும் அடிச்சோம்," என்றார் ராஜாங்கம்.

சத்யப்ரியா பேனாவை மூடினாள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளுக்காக அவர் தொடங்கியிருந்த காப்பகம் அது. பாலுக்கும் முட்டைக்கும் அவளுடைய அறக்கட்டளை உதவும். ஆனால், கட்டும்போது காற்றில் அதிகம் புகை சேர்க்காத கட்டடமாக இருக்க வேண்டும். கணக்கு பொய்யென்றால் உதவி கிடையாது.

"ஐயா, சூளை, சிமெண்ட் ஆலை, லாரின்னு ஒரு வீட்டுல விளக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே எவ்வளவோ கார்பன் காத்துல கலந்துடுது. புகையே இல்லாம கட்டினாருன்னு எழுதினா ஆபீஸ்ல சிரிப்பாங்க. கடைசியில இந்தப் புள்ளைங்களுக்குத்தான் பால் கிடைக்காம போகும்."

"நான் எங்கம்மா கட்டினேன்னு சொன்னேன்? பழைய சுவரு. தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தாள். வெள்ளைப்பூச்சுக்குள் முழங்கை அகலச் சுவர். வெளியே உப்புக் குவியல்களின் வெளிச்சத்தில் கண் கூசியது. உள்ளே ஓட்டுக் கூரையின் குளுமையில் தூளிகள் அசைந்தன. சுண்ணாம்பு போக மிச்சமெல்லாம் பூஜ்யம்! இத்தனை வருட வேலையில் அவள் எழுதியே இராத எண். கருவறை முன்னால் நிற்பதுபோல் அவள் குரல் தானாகத் தணிந்தது.

"யாரோட கட்டடம் ஐயா?"

"நம்மளுதுதாங்க."

வசதியானவர், சும்மா கிடந்த கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கும் மனசு வேண்டுமே!

"ஏம்மே, மேடத்துக்கு மோர் குடு," என்று மனைவியை அழைத்தார் ராஜாங்கம். "குடிச்சிட்டு உடனே வந்துடுங்க மேடம். இவ வாயத் தொறந்தா மூடமாட்டா."

"ஆமா, இவரு பெரிய ஊமை!" என்றபடி சின்னப்பாப்பா அவளை வரப்பு வழியே ஓலைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

ஒரு பாதியில் உப்பு மூட்டைகள். மறு பாதியில் அடுப்பு, பாய், பூ வைத்த முருகன் படம்.

"சமையல் இங்கயேவா? வீடு ரொம்பத் தூரமோ?"

"தூரமென்ன கண்ணு," என்று சிரித்தபடியே சின்னப்பாப்பா டம்ளரை நீட்டினாள். "புள்ளைங்க தூங்குதே, அந்த வீட்டுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். அதுங்க வெயில்ல காயறதப் பாத்துட்டு, 'நமக்கு ரெண்டு பேருக்கு கொட்டாய் போதாதா'ன்னாரு. போன தை மாசத்துலேந்து இதான் எங்க வீடு."